மாமனார் கப்பல்

சிமெண்ட் மூட்டைகள் பாதிகூட இறங்கவில்லை, அதற்குள் கடற்படை ஆட்கள் ஏணியேறி மேலே வந்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவர் ஒரு காகிதத்தை நீட்டி, போர் முடியும்வரை இந்தக் கப்பல் அரசாங்கத்துடையது என்றார். அவருடைய வெள்ளைச் சீருடையில் சிமெண்ட் தூசி படிந்துகொண்டே இருந்தது. தட்டிவிடத் தட்டிவிட இன்னும் நன்றாக அப்பிக்கொண்டது.

கேப்டன் காகிதத்தைப் படிக்காமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். துறைமுகம் முழுக்க அப்போது இதே கதைதான். ஓடுகிற நிலையில் இருந்த ஒவ்வொரு சரக்குக் கப்பலையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, மிச்ச சிமெண்டை யார் இறக்கறது?" என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது, மனைவி காய் நறுக்குவதை நிறுத்தவே இல்லை.

"வயசாயிடுச்சுன்னு எழுதிக் குடுத்துட்டு வீட்டுல இருங்க. உங்களை யாரும் குறை சொல்லப் போறதில்ல."

"என் கப்பல் அவ. அவளை எப்படி இன்னொருத்தன் கையில விட்டுட்டு வர்றது? கொஞ்சம் அசந்தா இடப்பக்கமா இழுப்பா. புதுசா ஒருத்தன் வந்தா எங்கயாவது கொண்டுபோய் முட்டிடுவான்."

"பெத்த பொண்ணைக் கட்டிக் குடுக்கும்போது எட்டிப் பார்க்க மனசு வரல. கப்பலைக் குடுக்க மட்டும் இவ்வளவு யோசனை."

அதற்குப் பதில் இருந்திருந்தால் இரண்டு வருடம் முன்பே சொல்லியிருப்பார்.

மகள் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். அவளுக்கென்று அவர் ஒரு மாப்பிள்ளையை யோசித்து வைத்திருந்தார். தபால் அலுவலகத்தில் வேலை, சாயங்காலம் ஆனால் வீடு. அவளோ ஒரு கடற்படைக்காரனைக் காட்டி, கட்டினால் இவனைத்தான் என்றாள். முப்பது வருடம் கடலில் கிடந்தவருக்குக் கப்பல்காரன் பெண்டாட்டியின் பாடு தெரியாதா? "வருஷத்துல பத்து மாசம் வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும். உங்கம்மாவைக் கேளு," என்றார். அம்மாவைக் கேட்டபோது, "என்னைக் கேட்டா, நான் சரின்னுதான் சொல்லுவேன்," என்றாள் அம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கல்யாணத்தன்று அவர் கடலில் இருந்தார். வேண்டுமென்றே கம்பெனியிடம் கேட்டு ஒரு பயணத்தைக் கூடுதலாக வாங்கிக்கொண்டார். அப்புறம் ஒருமுறை, அவர் ஊரில் இருந்த சமயம், மகளும் மருமகனும் வீட்டுக்கு வந்தார்கள். அவர் உள்ளறையில் செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். கதவிடுக்கில் பளபளவென்று துடைத்த ஒரு ஜோடி ஷூ தெரிந்தது. படியேறி வந்தவனை "வாங்க" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகள் அதை மன்னிக்கவில்லை. அவர் கடலில் இருக்கிற நாளாகப் பார்த்துத்தான் பிறகு அந்த வீட்டுக்கு வந்துபோனாள்.

ஆக, கேப்டன் கப்பலோடேயே போனார்.

பட்டறையில் கப்பலைப் புரட்டிப் போட்டார்கள். கறுப்பும் வெள்ளையுமாக இருந்தவளுக்குச் சாம்பல் நிறம் அடித்து, பெயரை மறைத்து, ஓர் எண்ணைப் போட்டார்கள். சிமெண்டும் சர்க்கரையும் சுமந்த சரக்கறைகளில் ஒன்றில் எண்ணெய்த் தொட்டிகள், இன்னொன்றில் குடிதண்ணீர், மூன்றாவதில் பீரங்கிக் குண்டுகள். இடுக்கில் கிடைத்த இடத்திலெல்லாம் மாவு மூட்டையும் உருளைக்கிழங்கும். ரொட்டி சுடப் பெரிய அடுப்பு ஒன்று வந்தது. காயம்பட்டவர்களுக்கு ஓர் அறையும் டாக்டர் ஒருவரும் வந்தார்கள். கப்பலின் பின்பக்கம் ஒரு பழைய பீரங்கியை முடுக்கிவைத்தார்கள்.

"இதைச் சுட்டா எதிரி சாவானோ என்னவோ, நம்ம வாலு கழண்டு விழறது நிச்சயம்," என்றார் தலைமை இன்ஜினியர். கோபம் வந்தால் உஸ்ஸென்று சீறுவார் என்பதால் கப்பலில் அவருக்கு நீராவி என்று பெயர். கேப்டனோடு அதே கப்பலில் காலம் தள்ளியவர். கேப்டன் இருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் அவரும் கப்பலோடு போகக் கையெழுத்துப் போட்டார். ஆனால் எஞ்சினை விட்டுப் பிரிய முடியவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

கடற்படையின் சார்பில் ஓர் இளம் அதிகாரி கப்பலில் வந்து தங்கினான். மேலிடத்து உத்தரவுகளை வாங்கிச் சொல்வது அவன் வேலை. சின்ன ஆபீசர் என்று அழைத்தார்கள். கேப்டன் மட்டும் "தம்பி" என்பார்.

வேலை என்னவோ கேட்பதற்கு எளிதுதான். சரக்குக் கப்பல்கள் கூட்டமாகப் போகும். அவற்றைச் சுற்றிக் காவல் கப்பல்கள் வரும். காவல் கப்பல்கள் சிறியவை, வேகமானவை, சீக்கிரம் எண்ணெய் தீர்ந்துபோகிறவை. அவற்றுக்கு நடுக்கடலிலேயே எண்ணெயும் தண்ணீரும் ரொட்டியும் குண்டும் கொடுக்க வேண்டும். நின்று கொடுக்க முடியாது. நின்றால் நீர்மூழ்கிக்குக் கொண்டாட்டம். எனவே இரண்டு கப்பலும் ஒரே வேகத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். நடுவே ஒரு தெருவின் அகலத்துக்குத் தண்ணீர். அதற்கு மேலாகக் கயிறு போட்டு, ரப்பர் குழாயைத் தொங்கவிட்டு, மணிக்கணக்கில் அப்படியே போக வேண்டும். நெருங்கினால் மோதல், விலகினால் குழாய் அறுந்துவிடும். இடப்பக்கம் இழுக்கிற ஒரு கிழட்டுக் கப்பலை வைத்துக்கொண்டு இதைச் செய்வது, குலுங்குகிற வண்டியில் உட்கார்ந்துகொண்டு ஊசியில் நூல் கோர்ப்பதுபோல. முதல் தடவை குழாய் பிய்த்துக்கொண்டு எதிர்க்கப்பலின் அதிகாரிகளை எண்ணெயில் குளிப்பாட்டியது. இரண்டாம் தடவை கயிறு. அதற்குப் பிறகு கை பழகிவிட்டது.

ஒரு குளிர்காலக் காலையில் பக்கத்தில் வந்து சேர்ந்த காவல் கப்பலின் எண்ணைப் பார்த்ததும் கேப்டன் தொண்டையைச் செருமிக்கொண்டார். மருமகனுடைய கப்பல் என்று மனைவி கடிதத்துக்குக் கடிதம் எழுதுகிற எண் அது. அதன் முன்தளத்தில் கயிறு பிடிக்கிற ஆட்களுக்குத் தலைவனாகச் சிவப்புக் கம்பளிக் குல்லாய் போட்ட ஒருவன் நின்றான். குல்லாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. மகள் பின்னுவது எல்லாமே அப்படித்தான் கோணும். அவன் நிமிர்ந்து, கப்பலை ஓட்டுகிற மேல்தளமான பிரிட்ஜில் நின்ற கேப்டனைப் பார்த்து சல்யூட் அடித்தான். கேப்டன் குனிந்து திசைகாட்டியைப் பார்த்தார்.

"யாரு சார் அது? உங்களைத் தெரிஞ்சவரா?" என்றான் சின்ன ஆபீசர்.

"தெரியாது."

அப்படியே இரண்டு மூன்று சந்திப்புகள் போயின. அவன் சல்யூட் அடிப்பான், இவர் திசைகாட்டியைப் பார்ப்பார். திசைகாட்டியில் என்னதான் தெரிகிறது, எனக்கும் காட்டேன் என்று நீராவி கேட்டுப் பார்த்தார். 

அடுத்த முறை அவன் சல்யூட்டோடு விடவில்லை. எண்ணெய் ஏறிக்கொண்டிருந்தபோது, கப்பலுக்குக் கப்பல் பேசுகிற தகரக் குழலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான்.

"மாமா! மாமா! அவ முழுகாம இருக்கா! ஆறு மாசம்! அத்தை அதைப் பத்தி எழுதின கடிதாசி எதுவும் உங்களுக்கு வந்து சேரலையாம், என்னை நேர்ல சொல்லச் சொன்னாங்க!"

இரண்டு கப்பலிலும் கேட்காத காது இல்லை.  எதிர்க்கப்பலில் யாரோ விசிலடித்தார்கள். இங்கே சமையற்கட்டு ஆட்கள் பாத்திரத்தைத் தட்டினார்கள். சின்ன ஆபீசர் வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பினான். கேப்டன் தம் குழலை எடுத்தார். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள்.

"கயிறைப் பாரு!" என்று கத்தினார்.

மருமகனோடு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். அவன் பல் முழுக்கத் தெரியச் சிரித்துவிட்டுக் கயிற்றைப் பார்க்கப் போனான். உண்மையிலேயே கயிறு தொய்ந்துதான் போயிருந்தது.

அன்றிலிருந்து அந்தக் கூட்டத்துக் காவல் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் இவள் மாமனார் கப்பல் ஆகிவிட்டாள். எண்ணெய் வேண்டுமென்றால், "மாமனார் வீட்டுக்கு விருந்துக்கு வரலாமா?" என்று விளக்கால் சைகை வரும். மேலதிகாரிகள் கண்டித்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. கேப்டன் முதலில் முறைத்தார். பிறகு ரொட்டிப் பை போகும்போது, "அந்தக் கப்பலுக்கு ரெண்டு கூடப் போடு," என்றார். "அவனுக்குன்னு இல்ல. அந்தக் கப்பல்ல அடுப்பு சரியில்லையாம்." எல்லாக் கப்பலிலும் அடுப்பு சரியில்லைதான். சமையற்காரர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. நீராவி மட்டும், "பேரன் பொறந்தா அவனுக்கும் குழாய் வழியாத்தான் பால் அனுப்புவியா?" என்று கேட்டுவிட்டு அடி விழுமுன் கீழே இறங்கிப் போய்விட்டார்.

மழைச்சாரல் விட்டு வெளிச்சம் வந்த ஒரு பிற்பகலில், அந்தக் காவல் கப்பலின் பின்பகுதியில் எதிரி நீர்மூழ்கி ஏவிய டார்ப்பிடோ பாய்ந்தது.

கேப்டன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது. முதலில் தண்ணீர் ஒரு வெள்ளைச் சுவர்போல எழும்பியது. சத்தம் அப்புறம்தான் வந்தது. தண்ணீர் கீழே விழுந்தபோது கப்பலின் பின்பக்கத்தைக் காணோம். தண்ணீரைத் தள்ளுகிற விசிறியும் திசை திருப்புகிற சுக்கானும் போய், மிச்சமிருந்தது அலைக்குத் தலையாட்டிக்கொண்டு நின்றது. மூழ்கவில்லை. ஆனால் நகரவும் முடியாது.

உத்தரவு உடனே வந்தது. சின்ன ஆபீசர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கூட்டம் நிற்காமல் முடிந்த வேகத்தில் போக வேண்டும். அடிபட்ட கப்பலின் ஆட்களை ஏற்றிக்கொள்ள நாளைக்கு வேறு கப்பல் வரும்.

நாளைக்கு அது மிதக்குமா என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கேப்டனைப் பார்த்தார்கள். அவர் இரண்டு கையாலும் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதுல நான் வாயைத் திறக்கக் கூடாது," என்றார். "நம்ம வயித்துக்குள்ள எண்ணெயும் குண்டும் இருக்கு. ஒரு அடி பட்டா ஒருத்தனும் மிஞ்ச மாட்டான். அங்க என் மாப்பிள்ளை இருக்கான். நான் என்ன சொன்னாலும் அது சரியா தப்பான்னு எனக்கே தெரியாது. நீயே சொல்லு."

சின்ன ஆபீசர் காகிதத்தை மறுபடி படித்தான். அவன் காது மடல் சிவந்திருந்தது.

"முடிஞ்ச வேகத்துல போன்னுதான் சார் போட்டிருக்கு," என்றான் மெதுவாக. "அந்தக் கப்பலைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போனா நம்மால என்ன வேகம் முடியுமோ, அதுதான் நம்ம முடிஞ்ச வேகம்."

அந்த நேரம் பார்த்து எஞ்சின் அறையிலிருந்து பேசுகிற குழாய் சீறியது. நீராவி. "மேல என்ன பஞ்சாயத்து? ஏன் இன்னும் திரும்பலன்னு கீழ பசங்க என்னைப் போட்டுப் பிடுங்கறாங்க."

கேப்டன் கப்பலைத் திருப்பினார்.

கிட்டே போனபோது எண்ணெய் நாற்றம் மூக்கைத் துளைத்தது. கயிற்றை வாங்கிக் கட்ட எதிர்க்கப்பலின் முன்தளத்தில் ஆட்கள் வந்து நின்றார்கள். அவர்களை ஏவிக்கொண்டிருந்தவன் வேறு யாரோ. சிவப்புக் குல்லாய் எங்கும் இல்லை. முதலில் மெல்லிய கயிறு போய், அதைப் பிடித்துக்கொண்டு தடித்த கயிறு போய், கடைசியில் இரும்பு வடம் போய்ச் சேர்ந்தது. கேப்டன் ஒவ்வொரு ஆளாகப் பார்த்தார். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

விளக்குச் சைகைக்காரன் பக்கத்தில் வந்து தயங்கினான். "அந்தக் கப்பல்கிட்ட கேக்கட்டுமா கேப்டன்?"

"என்னத்தை?"

"இல்ல… உங்க…"

"வடம் எங்கயாவது உரசுதான்னு கேளு."

வடம் உரசவில்லை என்று பதில் வந்தது.

ஒரு மனிதன் நடக்கிற வேகத்தில் அவர்கள் போனார்கள். ஒரு காவல் கப்பல் கூட்டத்திலிருந்து பின்தங்கி, யாரும் சொல்லாமலே அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்தது. எதிரிக்கு இதைவிட வசதியான குறி கிடையாது. ஆனால் நீர்மூழ்கி திரும்பி வரவில்லை. குண்டு தீர்ந்துபோயிருக்கலாம், அல்லது பயந்து ஓடியிருக்கலாம், யாருக்குத் தெரியும். கேப்டன் நாற்காலியில் உட்காரவில்லை. வடம் இறுகும்போது வேகத்தைக் குறைப்பார், தொய்யும்போது கூட்டுவார். சமையற்காரர் கொண்டுவந்து வைத்த ரொட்டி அப்படியே காய்ந்துபோனது.

மறுநாள் கடல் தணிந்ததும் படகை இறக்கி, காயம்பட்டவர்களை இந்தக் கப்பலுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கப்பலில் டாக்டரும் மருந்தும் இருந்த அறை பின்பகுதியோடு போய்விட்டிருந்தது. படகு வருவதற்காகக் கப்பல் நிற்க வேண்டியிருந்ததால் கேப்டன் பிரிட்ஜை விட்டு அசையவில்லை. ஸ்ட்ரெச்சர்கள் மேலே ஏறுவதை அங்கிருந்தே பார்த்தார். எல்லா முகமும் எண்ணெய் பூசிக் கறுத்து, எல்லாமே ஒரே முகமாக இருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் எஞ்சினைவிட்டு மேலே வரவே வராத நீராவி, படியேறி வந்து அவர் பக்கத்தில் சும்மா நின்றார்.

சின்ன ஆபீசர் கீழே போனவன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "இருக்காரு சார்! உங்க மாப்பிள்ளை. பின்பக்கம் மாட்டினவங்களை இழுத்துப் போடப் போயிருக்காரு, அப்ப இரும்புக் கதவு கால்ல விழுந்திருக்கு. கால்தான்… ஆனா இருக்காரு. நீங்க போங்க, நான் பார்த்துக்கறேன்."

"படகு மேல வரட்டும். வடம் இறுகட்டும்," என்றார் கேப்டன்.  வடம் இறுகிக் கப்பல் நகரத் தொடங்கிய பிறகுதான் படியிறங்கினார். இறங்கும்போது கைப்பிடியைத் தவறவிட்டார். நீராவி பின்னாலிருந்து தோளைப் பிடித்துக்கொண்டார்.

மருமகன் சுவரோரம் படுத்திருந்தான். யாரோ அவன் கண்ணைச் சுற்றி மட்டும் எண்ணெயைத் துடைத்துவிட்டிருந்தார்கள். ஒரு முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"வாங்க மாப்பிள்ளை," என்றார்.

அவன் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. "மொத தடவையா உங்க இடத்துக்கு வர்றேன் மாமா. கையில பழம்கூட வாங்கிட்டு வரல."

கேப்டன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்த டாக்டர், மருந்து எடுக்கிற சாக்கில் வெளியே போனார்.

மருமகன்தான் பேசினான். "எங்க ஆளுங்க சொன்னாங்க. நேத்துலேர்ந்து ஒரு தடவைகூட நீங்க என்னைப் பத்திக் கேக்கலையாம். இன்னும் கோவம் தீரலன்னு நினைச்சேன்."

"கேட்டு, இல்லைன்னு சொல்லிட்டா?" என்றார் கேப்டன். "அப்புறம் நான் சுக்கான் பக்கத்துல நிப்பேனா? எனக்குப் பின்னாடி உங்க கப்பல் மொத்தமும் ஒரு வடத்துல தொங்கிக்கிட்டிருக்கு. அத்தனை பேருக்கும் வீட்டுல ஆளு இருக்கு. அதான் கேக்கல. நீங்க பேசாதீங்க. தூங்குங்க."

துறைமுகம் வந்து சேர்ந்ததும், உத்தரவை மீறியதற்காக ஒரு பெரிய அதிகாரி கேப்டனையும் சின்ன ஆபீசரையும் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். முடிந்த வேகம் பற்றிய விளக்கத்தைக் கேட்டதும் எழுந்து ஜன்னலோரம் போய், கரையில் கட்டிக் கிடந்த அரைக்கப்பலை வெகுநேரம் பார்த்தார். "போங்க, கண்ணு முன்னாடி நிக்காதீங்க," என்றார் கடைசியில். தண்டனையும் இல்லை, பாராட்டும் இல்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மகள் நிறைவயிற்றோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அப்பா வருவதைப் பார்த்து எழுந்தாள். என்ன சொல்வாளோ என்று அவர் பயந்துகொண்டே போனார். அவள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"சாப்பிட்டீங்களாப்பா?" என்றாள்.

"இல்லம்மா."

"அவரும் சாப்பிட மாட்டேங்கறாரு. வந்து கொஞ்சம் சொல்லுங்க."

பெண் குழந்தை பிறந்தபோது கேப்டன் மறுபடி கடலில் இருந்தார். இந்தத் தடவை வேண்டுமென்றே இல்லை. செய்தி விளக்குச் சைகையில் வந்தது. அதற்குள் பக்கத்துக் கப்பல்களெல்லாம் படித்துவிட்டு விருந்து கேட்டன. மாமனார் கப்பல் போரின் கடைசி வருடம்வரை எண்ணெய் கொடுத்தாள், தண்ணீர் கொடுத்தாள், ரொட்டி சுட்டாள். சின்ன ஆபீசர் பதவி உயர்வு பெற்று வேறிடம் போனான். போகும்போது கேப்டனின் காலைத் தொடப் பார்த்தான். அவர் விடவில்லை, கையைப் பிடித்துக் குலுக்கி அனுப்பினார்.

மாமனார் கப்பலின் முடிவு நடுக்கடலில் வரவில்லை. சொந்தத் துறைமுகத்தின் வாசலிலேயே, எப்போதோ யாரோ போட்டுவைத்த ஒரு கண்ணிவெடியில் வந்தது. பட்டப்பகல். கரையிலிருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் அறைதான் முதலில் நிரம்பியது. மேலே இருந்தவர்கள் எல்லோரும் தப்பினார்கள். கீழே இருந்தவர்களையும் நீராவி ஒவ்வொருவராக ஏணியில் ஏற்றிவிட்டார். அவர் ஏறவில்லை. கப்பல் ஆழமில்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். உயரமான கம்பங்கள் இரண்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றன.

கேப்டன் வீட்டில் யாரோடும் பேசாமல் கிடந்தார். பேத்தி வந்து மீசையைப் பிடித்து இழுத்தால் மட்டும் கண்ணைத் திறந்து பார்ப்பார். நீராவியின் மனைவியைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தினமும் சட்டை போடுவார், வாசல்வரை போய்த் திரும்பி வந்து கழற்றிவிடுவார்.  மரக்காலோடு துறைமுகக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்த மருமகன் ஒருநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தான்.

"கிளம்புங்க மாமா. நானும் வர்றேன்."

"உங்களால முடியாது. மூணாவது மாடி."

"ஏறிடலாம்."

அந்த மாடிப்படி செங்குத்தானது, குறுகலானது. மருமகன் ஒரு கையால் சுவரைப் பிடித்து, நல்ல காலை வைத்து, மரக்காலை இழுத்து வைத்து ஏறினான். திருப்பத்துக்குத் திருப்பம் நின்று மூச்சு வாங்கினான். கேப்டன் பின்னால் கையை விரித்துக்கொண்டே ஏறினார்.

நீராவியின் மனைவி துணி தைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து அவர்களை உட்காரவைத்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கேப்டன் தம்ளரைக் கையில் பிடித்தபடி பேச வாயெடுத்தார். அதற்குள் அவளே கேட்டாள்.

"ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பாரா?"

கேப்டன் தரையைப் பார்த்தார். மருமகன் நாற்காலியை அவள் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டான்.

"நான் அந்த மாதிரி ஒரு கப்பல்ல இருந்திருக்கேன் அக்கா," என்றான். "அப்ப நம்மளைப் பத்தி நினைப்பே வராது. பக்கத்துல இருக்கறவனை எப்படி வெளியில தள்ளறதுங்கறது ஒண்ணுதான் மண்டையில ஓடும். எனக்குக் கால் போனதே அடுத்த நாள்தான் உறைச்சுது. அண்ணனுக்கு அந்த அடுத்த நாள் வரல. அவ்வளவுதான்."

அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அவர் கப்பலில் எப்படி இருப்பார், யாரையெல்லாம் திட்டுவார், சொல்லுங்கள் என்றாள். கேப்டன் சொல்லத் தொடங்கினார். முதலில் தட்டுத்தடுமாறித்தான் சொன்னார். பின்பக்கத்துப் பீரங்கியைப் பற்றி நீராவி சொன்னதைச் சொன்னபோது அவள் அழுகையோடேயே சிரித்துவிட்டாள். இருட்டுகிற நேரமாகியும் யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு வந்து, "அப்புறம்?" என்றாள்.